தோட்டத்து டிராம்போலின்: ஐந்து வயதுப் பிள்ளையை ஏற விடலாமா?

கேள்வி: நாங்கள் லண்டனில் ஹரோ பகுதியில் வசிக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. எங்கள் பின்தோட்டத்தில் வைப்பதற்குப் பெரிய டிராம்போலின் ஒன்றைப் பரிசாக வாங்கித் தருவதாகக் கணவரின் அண்ணர் சொல்கிறார். சுற்றிவர வலை இருக்கிறது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும் என்பது அவருடைய எண்ணம். சனி, ஞாயிறுகளில் பன்னிரண்டும் பதினான்கும் வயதான அவருடைய பிள்ளைகளும் வந்து சேர்ந்து விளையாடுவார்கள். மகனின் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை டிராம்போலினில் துள்ளிக் கால் முறிந்து வந்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. வலையும் பெரியவர் ஒருவரின் கவனிப்பும் இருந்தால் போதுமா? வேண்டாம் என்றால் அவரிடம் அதை எப்படிச் சொல்வது?

பதில்: உங்கள் மகனைப் பொறுத்தவரை, இப்போதைக்கு வேண்டாம் என்பதே ஒரு மருத்துவராக என் பதில். மகளைப் பொறுத்தவரை, சில நிபந்தனைகளை வீட்டில் உள்ள எல்லோரும் விட்டுக்கொடுக்காமல் கடைப்பிடிக்க முடியுமென்றால் மட்டும் யோசிக்கலாம். அந்த நிபந்தனைகளில் முதன்மையானது, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே டிராம்போலினின் துள்ளும் பாயில் நிற்க வேண்டும் என்பது. நான்கு பிள்ளைகளும் சேர்ந்து விளையாடட்டும் என்றே அந்தப் பரிசு வாங்கப்படுவதாகத் தெரிவதால், உங்கள் வீட்டுச் சூழலில் அதைக் காப்பாற்றுவது கடினம் என்று நினைக்கிறேன்.

டிராம்போலின் என்றவுடன் பெற்றோர் பெரும்பாலும் அஞ்சுவது பிள்ளை விளிம்பைத் தாண்டி வெளியே விழுந்துவிடும் என்பதைத்தான். அதனால்தான் வலை இருக்கிறது என்று கேட்டதும் மனம் சமாதானமாகிவிடுகிறது. ஆனால் காயங்களின் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012 இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையின்படி, கீழே விழுவதால் ஏற்படும் காயங்கள் மொத்தத்தில் 27 முதல் 39 சதவீதம் வரைதான். ஏறத்தாழ முக்கால் பங்கு காயங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் பாயில் துள்ளும்போது நிகழ்கின்றன. அப்படித் துள்ளுபவர்களில் மிகச் சிறிய பிள்ளைக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு, கூடத் துள்ளும் எடை கூடியவர்களுக்கு உள்ளதைவிடப் பதினான்கு மடங்கு வரை அதிகம் என்றும் அதே அறிக்கை கூறுகிறது. உங்கள் வீட்டில் அந்த மிகச் சிறிய பிள்ளை உங்கள் மகன்தான்.

பதினான்கு வயது அண்ணன் ஒருவன் பாயில் வந்து இறங்கும்போது அவனுடைய எடை முழுவதையும் பாயும் ஸ்பிரிங்குகளும் வாங்கிக்கொண்டு, அடுத்த கணமே அந்த விசையை மேல்நோக்கித் திருப்பிவிடுகின்றன. சரியாக அந்தக் கணத்தில் ஐந்து வயதுப் பிள்ளை கீழே இறங்கிக்கொண்டிருந்தால், அவனுடைய கால்களை நோக்கி நிலமே எழுந்து வருவது போலப் பாய் எழுந்து வருகிறது. தன் எடையால் மட்டும் ஒருபோதும் உண்டாக்க முடியாத விசையை அந்தச் சிறு கால்கள் தாங்க நேரிடுகிறது. 80 கிலோ எடையுள்ள பெரியவர் ஒருவரும் 25 கிலோ எடையுள்ள பிள்ளையும் சேர்ந்து துள்ளினால், பிள்ளை 2.8 மீட்டர் உயரத்திலிருந்து கடினமான தரையில் விழுவதற்கு ஒப்பான விசையைச் சந்திக்கக்கூடும் என்று 2011 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதில் யாரும் யாரையும் தள்ளவில்லை, முரட்டுத்தனமாக யாரும் விளையாடவுமில்லை. தம்பியின் மீது மிகுந்த கவனமாக இருக்கும் அக்காவும் அண்ணன்மாரும் துள்ளினாலும் பாயின் இயக்கம் மாறுவதில்லை. மகனைக் கையில் பிடித்தபடி தாங்களும் சேர்ந்து துள்ளும் தந்தையருக்கும் இது பொருந்தும். உண்மையில் எடை வித்தியாசம் மிக அதிகமாக இருப்பது அப்போதுதான்.

இந்த விசை பெரும்பாலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கணுக்கால் வரை நீளும் பெரிய எலும்பின் மேற்பகுதியைத் தாக்குகிறது. 1986 இலேயே எக்ஸ்-ரே மருத்துவர்கள் இதை டிராம்போலின் முறிவு என்று பெயரிட்டு விவரித்திருக்கிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் இத்தகைய பிள்ளையைப் பார்க்கும்போது முதல் பார்வைக்குப் பெரிய காயம் எதுவும் தெரியாது. தகப்பனின் தோளில் ஒட்டிக்கொண்டு அமைதியாகவே இருக்கும். வீக்கம் கொஞ்சம்தான், தோலில் கீறல்கூட இருக்காது. ஆனால் இறக்கி நிறுத்தினால் அந்தக் காலை ஊன்ற மறுத்து உடனே முழங்காலை மடக்கிக்கொள்ளும். கணுக்காலிலிருந்து மெல்ல மேல்நோக்கி விரலால் அழுத்திக்கொண்டு வந்தால், முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே வரும்போது பிள்ளை என் கையைத் தட்டிவிடும். எக்ஸ்-ரேயிலும் பல வேளைகளில் எலும்பின் விளிம்பில் ஒரு சிறு மடிப்பு மட்டுமே தெரியும் என்பதால், பழக்கமில்லாத கண்ணுக்கு அது தப்பிவிடவும் கூடும்.

ஆறுதலான செய்தி என்னவென்றால், இந்த முறிவு பெரும்பாலும் சில வாரங்கள் பிளாஸ்டர் போட்டால் நன்றாகப் பொருந்திவிடும். சில பிள்ளைகளுக்குப் பின்னர் அந்தக் கால் சற்று வெளிப்புறமாக வளைந்து வளரக்கூடும். அதுவும் பெரும்பாலும் தானாகவே நேராகிவிடுகிறது என்றாலும், ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். முழங்கைக்கு மேலே ஏற்படும் முறிவு இதைவிடக் கவலைக்குரியது. அந்த இடத்தில் கைக்குச் செல்லும் இரத்தக் குழாயும் நரம்புகளும் எலும்பை ஒட்டியே ஓடுவதால், முறிந்த முனை அவற்றை அழுத்தினால் அன்றிரவே அறுவைச் சிகிச்சை செய்ய நேரிடும்.

கழுத்துக் காயங்கள் அரிதானவை, ஆனால் திரும்பிப் பெற முடியாதவற்றைப் பறிப்பவை. டிராம்போலின் காயங்களில் ஏறத்தாழ இருநூறில் ஒன்று நிரந்தர நரம்புப் பாதிப்பில் முடிகிறது. இவற்றுக்குப் பெரும்பாலும் காரணம் குட்டிக்கரணம் போட முயன்று தலையோ கழுத்தோ முதலில் பாயில் படுவதுதான். பாய் மென்மையாக இருப்பதால் கழுத்து தப்பிவிடும் என்று எண்ண வேண்டாம். உடலின் எடை முழுவதும் மடங்கிய கழுத்தின் மேல் வந்து இறங்கும்போது பாயின் மென்மை உதவுவதில்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்கள் தளர்வாக இருக்கலாம் என்பதால், உறவுக்குள் அத்தகைய பிள்ளை இருந்தால் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் டிராம்போலினில் ஏற்றவே கூடாது.

வலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல நிலையில் உள்ள வலை, பிள்ளை வெளியே கொங்கிறீட் தரையிலோ வேலியிலோ போய் விழுவதைத் தடுக்கும். அதனால் வலையில்லாத டிராம்போலினை எந்த வீட்டுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலான காயங்கள் வலைக்கு உள்ளேயே நிகழும்போது, வலை கட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் நான்கு பிள்ளைகளையும் ஒன்றாக ஏற்றிவிடுவதுதான் உண்மையான ஆபத்து. மேலும் தோட்டத்தில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் வலையும் ஸ்பிரிங்குகளை மூடும் மெத்தையும் காலப்போக்கில் இற்றுப்போகின்றன. பார்வைக்குச் சரியாக இருக்கும் வலையைக் கையால் இழுத்தால் கிழிந்து வருவதைப் பல வீடுகளில் காணலாம்.

பெரியவர் பக்கத்தில் நிற்பது பற்றியும் இதையே சொல்வேன். மூன்றில் ஒன்று முதல் பாதி வரையான காயங்கள் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏற்பட்டிருக்கின்றன. எடை கூடியவன் இறங்குவதற்கும் சிறியவனின் எலும்பு மடிவதற்கும் இடையே இருப்பது கண் இமைக்கும் நேரம். யாராலும் எட்டிப் பிடிக்க முடியாது. அந்தப் பெரியவரால் பயன் உண்டாக வேண்டுமானால், இரண்டாவது பிள்ளை ஏணியில் கால் வைக்கும்போதே "இறங்கு" என்று சொல்பவராக அவர் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு நிறைய உறவினர் இருக்கையில், ஒரு கையில் தேநீரும் இன்னொரு கையில் போனுமாக நிற்பவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இது என் தனிப்பட்ட அச்சம் அல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1977 முதலே டிராம்போலின்களைப் பற்றி எச்சரித்து வருகிறது. வீட்டில் விளையாட்டுக்காகப் பயன்படுத்துவதைத் தவிர்க்கும்படியே 2012 இலும் கூறியது. கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கமும் 2007 இல் வீட்டு டிராம்போலின் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. பிரித்தானியாவில் விபத்துத் தடுப்புக்காக இயங்கும் ரோஸ்பா அமைப்பு முற்றாக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெரிய டிராம்போலின் பொருந்தாது என்றும், மற்றவர்கள் ஒரு நேரத்தில் ஒருவராகத் துள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. ஆறு வயது என்ற எல்லைக்குக் காரணம் உண்டு. அதற்குக் குறைந்த வயதில் எலும்பு இன்னும் மென்மையானது, உடலோடு ஒப்பிட்டால் தலை கனமானது, நடுவானில் உடலைத் திருத்திக்கொள்ளும் சமநிலையும் முழுமையாக வந்திருக்காது.

நம் பிள்ளைகளின் எலும்பைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்த நாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதைக் கவனிப்பதில்லை. கறுத்த அல்லது மாநிறத் தோலுக்குப் பிரித்தானிய வெயிலிலிருந்து போதிய வைட்டமின் டி கிடைப்பது கடினம். நாள் ஒன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதை, தெற்காசிய வழிவந்தவர்கள் ஆண்டு முழுவதும் யோசிக்க வேண்டும் என்பது இங்குள்ள சுகாதாரத் துறையின் அறிவுரை. டிராம்போலின் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், உங்கள் இரு பிள்ளைகளுக்கும் இதைக் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள்.

மகளுக்காக வாங்குவதென்று முடிவெடுத்தால், ஒருவர் மட்டும், குட்டிக்கரணம் இல்லை, உறவினர் பிள்ளைகளுக்கும் அதே சட்டம் என்ற மூன்றையும் முதல் நாளிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். சமதரையில், புல்லின் மேல், சுவர், மரம், உடுப்புக் காயப்போடும் கம்பி ஆகியவற்றிலிருந்து சுற்றிலும் இரண்டரை மீட்டராவது தள்ளி வையுங்கள். துள்ளி முடிந்ததும் ஏணியைக் கழற்றி உள்ளே வைத்தால், தம்பி தானாக ஏறுவது நின்றுவிடும். தரையோடு சேர்த்துக் கட்டியும் வையுங்கள். 2020 பெப்ரவரியில் கியாரா புயல் வீசியபோது தென்கிழக்கு இங்கிலாந்தில் ஒரு தோட்டத்து டிராம்போலின் பறந்து ரயில் பாதையிலேயே போய் விழுந்தது.

எந்த வீட்டிலாவது பிள்ளைக்கு அடிபட்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். கழுத்து வலிக்கிறது, கைகால் மரத்துப்போகிறது, அசைக்க முடியவில்லை என்று பிள்ளை சொன்னால், தூக்காமல், உட்கார வைக்காமல், கிடந்தபடியே வைத்து 999 ஐ அழையுங்கள். கை வளைந்து போயிருந்தாலோ, விரல்கள் வெளிறிக் குளிர்ந்திருந்தாலோ தாமதிக்கக் கூடாது. காலை ஊன்ற மறுக்கும் சிறு பிள்ளையை, வீக்கம் இல்லையே என்று நாளைவரை பொறுத்துப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எண்ணெய் பூசி உருவிவிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. முறிவு இருக்கக்கூடிய இடத்தை உருவினால் எலும்பு விலகி, உள்ளே இரத்தக் குழாயும் நரம்பும் சேதப்படலாம். வழியில் அழுகையை நிறுத்த இனிப்போ பாலோ கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது. கழுத்து திடீரெனப் பின்னோக்கி வளைந்த பிள்ளைக்கு அன்றோ மறுநாளோ கடும் தலைவலி, தலைச்சுற்று, வாந்தி, நடையில் தள்ளாட்டம் ஏற்பட்டால், அதை விளையாடிய களைப்பென்று எண்ணாமல் உடனே மீண்டும் காட்ட வேண்டும்.

துள்ளுவது பிள்ளைகளுக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்பதை நான் மறுக்கவில்லை. அது முறையான விளையாட்டும்கூட. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து டிராம்போலின் போட்டி நடந்து வருகிறது. ஆனால் அங்கே பயிற்சியாளர் ஒருவரின் கீழ், ஒருவர் பின் ஒருவராக, படிப்படியாகக் கற்கிறார்கள். ஹரோவைச் சுற்றியும் ஜிம்னாஸ்டிக்ஸ் கழகங்கள் இருக்கும். மகளுக்கு உண்மையான ஆர்வம் இருந்தால் அங்கே சேர்ப்பதே சிறந்தது, மகனுக்கும் அவன் வயதுக்கேற்ற வகுப்புகள் கிடைக்கும்.

அண்ணரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். அவர் அன்பினால் செய்ய நினைக்கும் ஒன்றை, கடைக்குப் போவதற்கு முன்பே, உங்கள் கணவரைக் கொண்டு சொல்லச் சொல்லுங்கள். சின்னவனுக்கு ஆறு வயதாகும்வரை வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்று என் தலையில் போட்டுவிடலாம். அந்தப் பணத்தில் இரு பிள்ளைகளுக்கும் ஹெல்மெட்டுடன் சைக்கிளோ, ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பின் ஒரு தவணைக் கட்டணமோ தரலாமே என்று கேட்டால், பெரும்பாலான பெரியப்பாக்கள் மனம் கோணாமல் ஏற்றுக்கொள்வார்கள். ஏற்கனவே வாங்கிவிட்டாரென்றால், பெட்டியைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கடையில் கேளுங்கள். அது முடியாவிட்டால், மகனுக்கு ஆறு வயதாகும்வரை அதன் பாகங்களைப் பொருத்தாமல் கராஜிலேயே வைத்திருங்கள்.