ஆல்டி பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: மலிவு விலை மளிகைக்கடைத் தொடரான ஆல்டியை ஆரம்பித்தது ஆல்பிரெக்ட் சகோதரர்கள்தானே சார்?

பதில்: கடை முதலில் அவர்களுடைய அம்மாவுடையது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில், சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த ஷோனெபெக் பகுதியில் 1913-இல் அன்னா ஆல்பிரெக்ட் சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்தார். போர் முடிந்து திரும்பிய கார்லும் தியோவும் 1946-இல் அதை ஏற்றார்கள். ஆல்டி என்ற பலகை 1962-இல்தான் மாட்டப்பட்டது.

கேள்வி: மொத்தமாகக் கொள்முதல் செய்துதான் விலையைக் குறைத்தார்களா?

பதில்: அது பின்னால் வந்த பலம். ஆரம்பத்தில் கைமுதல் போதவில்லை; அதனால் கடையில் வைத்த சரக்கு வகைகளே சொற்பம். வசதி வந்ததும் வகைகளைக் கூட்டுவதாகத்தான் இருந்தார்கள். ஆனால் வகை குறைந்தால் செலவும் குறைகிறது, சரக்கும் வேகமாக நகர்கிறது என்று கண்டதும் அதையே கொள்கையாக்கிவிட்டார்கள். ஓடாத பொருளைத் தயங்காமல் தூக்கினார்கள். சரக்கு வந்த அட்டைப்பெட்டியை வெட்டி அப்படியே அலமாரியில் வைத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. அன்றைய ஜெர்மன் கடைகள் 3% வரை தள்ளுபடிக்கு ஒட்டுவில்லை (ஸ்டாம்ப்) கொடுக்கும். அதைச் சேர்த்து ஒட்டிக் கொண்டுபோனால்தான் பணம் திரும்பக் கிடைக்கும். ஆல்பிரெக்ட் கடையில் அந்தத் தள்ளுபடியை முன்கூட்டியே விலையில் கழித்தார்கள். என்னைக் கேட்டால், இவர்களின் வியாபார மூளைக்கு இது ஒன்றே சான்று.

கேள்வி: அண்ணா, சகோதரர்கள் சிகரெட்டுக்காகவா கடைகளைப் பாகம் பிரித்தார்கள்?

பதில்: அப்படித்தான் சொல்வார்கள். கடையில் சிகரெட் விற்கலாம் என்றார் தியோ. கார்லோ திருட்டு கூடும் என்று மறுத்தார். அப்போது சுமார் 300 கடைகள். வடக்கு தியோவுக்கு, தெற்கு கார்லுக்கு. சண்டை சச்சரவு இல்லாத பாகப்பிரிவினை. 1966-இல் சட்டப்படியும் இரண்டு நிறுவனங்கள் ஆயின.

கேள்வி: அமெரிக்காவின் டிரேடர் ஜோஸ் மளிகைக்கடைகளும் ஆல்டிதானா?

பதில்: 1979-இல் அதை வாங்கியது தியோ தரப்பு. ஆனால் அங்கே ஆல்டி என்ற பெயரிலேயே நடக்கும் கடைகள் தெற்கு ஆல்டியுடையவை; 1976-இல் ஐயோவாவில் தொடங்கியவை. பங்காளிகள் ஒரே நாட்டில் எதிரெதிரே கடை போட்டது இப்படித்தான்.

கேள்வி: தியோவைக் கடத்தினார்களாமே?

பதில்: ஆம், 1971-இல். 17 நாள் கழித்து, 70 லட்சம் மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்) கொடுத்த பிறகுதான் விட்டார்கள். மனிதர் அந்தப் பணத்தையும் வியாபாரச் செலவாகக் கழிக்கச் சொல்லி வரி வழக்குப் போட்டார்!

கேள்வி: வால்மார்ட் ஏன் ஜெர்மனியில் நிலைக்கவில்லை?

பதில்: 1997-இல் வந்தது, 2006-இல் கடைகளை மெட்ரோ என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கு விற்றுவிட்டுக் கிளம்பியது. காரணம் பல. மலிவு விலை அங்கே யாருக்கும் புதிதில்லை என்பதே பெரியது.

கேள்வி: பில் போடும் வேகத்தின் ரகசியம்?

பதில்: 2000-ஐ ஒட்டித்தான் ஸ்கேனர் வந்தது. அதுவரை காசாளர்கள் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்து தட்டினார்கள். வகை குறைவு என்பதால் அது முடிந்தது. அந்த வேகம் குறையக்கூடாதென்று, இப்போது பொட்டலத்தைத் திருப்பித் திருப்பித் தேடாதபடி பார்கோடைப் பல பக்கங்களில் பெரிதாக அச்சிடுகிறார்கள்.