கல்லில் ஒட்டிப் பாசி மேயும் மீன்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

ஹில்ஸ்ட்ரீம் லோச் என்று கடையில் சொல்கிற மீன்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் பலர் கேட்கிறீர்கள். வியட்நாம், தென்சீனா, போர்னியோ பக்கத்து மலையோடைகளில் வாழ்பவை. பெரும்பாலானவை 5 முதல் 8 சென்ரிமீற்றர்தான் வளரும். திருகோணமலை வெக்கையில் ஒன்பது வருடமாக வளர்க்கிறேன். முதல் வருடம் வாங்கியதில் பாதி செத்துப்போனது. உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி: வரி போட்ட லோச் இரண்டு வாங்கி மூன்று கிழமை ஆகிறது. கண்ணாடியில் பாசி இருக்கிறது, ஆனாலும் மெலிந்துகொண்டே போகின்றன. ஏன் அண்ணா?

தம்பி, உங்களிடம் இருப்பது செவெல்லியா லினியோலாட்டாவாக இருக்கும். மத்திய வியட்நாம் மீன். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வெளிப்பக்கம் நின்று அடிவயிற்றைப் பாருங்கள். நெஞ்சுத் துடுப்பும் இடுப்புத் துடுப்பும் விரிந்து ஒரு தட்டுப் போல இருக்கும், நடுவில் வயிறு தெரியும். அது உள்வாங்கியிருந்தால் பட்டினி.

பச்சையாகத் தெரிவதெல்லாம் அவற்றுக்குச் சாப்பாடு அல்ல. நூல்பாசியையும் தூரிகை போல வளரும் கறுப்புப் பாசியையும் தொடவே தொடாது. அவை மேய்வது கல்லின் மேல் வழுவழுப்பாகப் படியும் மெல்லிய படலத்தை. மண்ணிறப் பாசி, இளம் பச்சைப் பாசி, அதற்குள் வாழும் நுண்ணுயிர்கள், பூச்சிப்புழுக்கள் எல்லாம் சேர்ந்தது அது. தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி மேயும். போன வழியெல்லாம் கல் துடைத்தது போல ஒரு தடம் தெரியும். அந்தத் தடத்தைப் பார்த்தால் நல்லாய்ச் சாப்பிடுகிறது என்று நம்பலாம்.

புதுத் தொட்டியில் இந்தப் படலம் இருக்காது. இரண்டு மூன்று மாதமாவது ஓடிப் பழகிய தொட்டியில்தான் இவற்றை விட வேண்டும். இப்போதைக்கு நான் செய்வதையே நீங்களும் செய்யுங்கள். உள்ளங்கை அளவு உருண்டைக் கல் பத்துப் பன்னிரண்டை ஒரு வெள்ளை வாளியில் போட்டு, தொட்டித் தண்ணீரையே ஊற்றி, வெயில் படும் இடத்தில் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஏழு பத்து நாளில் கல் வழுக்கத் தொடங்கும். நான்கு கல்லை உள்ளே வையுங்கள், மேய்ந்து முடித்ததை மறுபடி வாளியில் போடுங்கள். வாளிக்கு நுளம்பு வலை கட்ட மறக்க வேண்டாம், டெங்குக் காலம். இதோடு இரவில் லைட் அணைத்த பிறகு, மூழ்கும் பாசி வில்லை ஒன்றும் கொஞ்சம் உறைந்த புழுவும் போடுங்கள். வெந்நீரில் வாட்டிய வெள்ளரிக்காய்த் துண்டும் பிடிக்கும்.

ஓர்ஸ்ஹில்லிலிருந்து ஒரு அக்கா: எங்கள் வீட்டுத் தொட்டி மத்தியானத்தில் 31 பாகை காட்டுகிறது. இந்த மீன் தாங்குமா?

தாங்காது அக்கா. 20 முதல் 24 பாகைதான் இவற்றுக்குச் சுகம். பழகிய செவெல்லியா 26 வரை சமாளிக்கும். சூட்டை விட, சூட்டோடு வரும் மூச்சுத்திணறல்தான் கொல்வது. 20 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்க முடியும். 30 பாகையில் அது 7.5க்கு இறங்கிவிடும். சூட்டில் மீனின் உடம்போ முன்னைவிட அதிக ஒட்சிசன் கேட்கும். ஒரு பக்கம் வரவு குறைய, மறு பக்கம் செலவு கூடுகிறது.

தண்ணீர் மேற்பரப்பில் சாய்வாகப் படும்படி ஒரு சின்ன பேன் பூட்டுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது இரண்டு மூன்று பாகை இறங்கும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் காற்று காய்ந்திருப்பதால் பேன் நல்லாய் வேலை செய்யும். மாரியில் ஈரப்பதன் கூட, பலன் குறையும். ஆனால் அப்போது வெளிச்சூடும் குறைவு. தொட்டியைக் கிழக்கு யன்னலோரம் வைக்க வேண்டாம், காலை வெயில் நேரே விழும். மூடியைத் திறந்து வைப்பதென்றால் வலை போடுங்கள். ஈரக் கண்ணாடியில் ஏறி வெளியே வந்துவிடும். ஐஸ் போத்தல் வேண்டாம். ஒரு மணித்தியாலத்தில் நான்கு பாகை இறங்கி மறுபடி ஏறுவதை விட, நிலையாக 26 இருப்பதே மேல்.

இவ்வளவு செய்தும் 26க்கு இறங்காவிட்டால், தயவு செய்து லோச் வாங்காதீர்கள். ஸ்டிஃபோடன் என்ற சின்னக் கோபி மீன் கிடைத்தால் அதைக் கேளுங்கள். அதுவும் கல்லில் பாசி மேயும், ஓட்டத்தை விரும்பும், 28 வரை தாங்கும்.

நிலாவெளியிலிருந்து: எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். சரி வருமா?

கடற்கரைக் கிணறு என்றால் அளந்து பார்க்காமல் விடக் கூடாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீற்றர் ஒன்று வாங்குங்கள். 300க்கு மேல் காட்டினால் மழைத் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ கலந்து இறக்குங்கள். பேன் ஓடும் தொட்டியில் தண்ணீர் குறையும், உப்பு குறையாது. அதனால் குறைந்த அளவுக்கு மழைத் தண்ணீர் அல்லது வடிகட்டிய தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர்க்காரர் குளோரீன் நீக்கும் மருந்து போட்டே ஊற்ற வேண்டும்.

ஓட்டம் எவ்வளவு வேண்டும்?

தொட்டித் தண்ணீர் மணிக்குப் பத்துப் பதினைந்து தடவை சுற்ற வேண்டும். 100 லீற்றர் தொட்டிக்கு மணிக்கு 1000 லீற்றருக்குக் குறையாத மோட்டர். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நீளவாக்கில் ஓட விடுங்கள், மேற்பரப்பு நல்லாய்க் கலங்கட்டும். பெரிய கல்லுக்குப் பின்னால் ஓட்டமில்லாத ஒதுக்கிடமும் இருக்க வேண்டும், அங்கேதான் ஓய்வெடுக்கும். மோட்டர் உறிஞ்சும் வாய்க்கு ஸ்பொஞ்ச் போடுங்கள்.

கரண்ட் போனால்?

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில் நான் கற்றது இது. தண்ணீர் அசைவு நின்ற முக்கால் மணியில் லோச் எல்லாம் கண்ணாடியின் மேல் விளிம்புக்கு ஏறின. செவுள் படபடவென்று அடித்தது. குவளையால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம், நானும் மகளும் மாறி மாறி. அடுத்த நாளே பற்றரியில் ஓடும் ஏர் பம்ப் வாங்கினேன். மோட்டருக்கு முதல் அதை வாங்குங்கள் என்றே இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். மீனும் குறைவாக இருக்கட்டும்; 100 லீற்றருக்கு ஐந்து போதும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு மாணவர்: மகாவலி மேற்பக்க ஓடைகளில் கல்லில் ஒட்டும் மீன் இருக்கிறதாமே. பிடித்து வளர்க்கலாமா சேர்?

இருக்கிறது தம்பி. கர்ரா சிலோனென்சிஸ் நம் நாட்டுக்கே உரிய மீன், 15 சென்ரிமீற்றர் வரை வளரும், சின்னத் தொட்டிக்கு ஏற்றதல்ல. நம் நாட்டு ஓடைகளில் நன்னீர்க் கோபிகளும் உண்டு. அவற்றில் சிலவற்றின் கதையைக் கேளுங்கள்: ஓடையில் முட்டையிடும், பொரித்த குஞ்சு தண்ணீரோடு கடலுக்குப் போகும், அங்கே கொஞ்ச காலம் வளர்ந்து திரும்ப ஆறேறி மலைப்பக்கம் வரும். அப்படி வந்து சேர்ந்த ஒன்றை வாளியில் அள்ள எனக்கு மனம் வராது. உள்நாட்டு மீன்களில் பல சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன, பிடித்தால் குற்றம். ஓடைக்குப் போனால் கரையில் குந்தியிருந்து பாருங்கள்.

பாசி தின்ன என்று கடையில் சக்கர் மீன் தந்தார்கள். வளர்க்கலாமா?

வேண்டாம். அது ஒன்றரை அடி வரை வளரும். பெரிதானதும் கந்தளாய்க் குளத்தில் விடலாம் என்று நினைக்கவே கூடாது, நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிக் கெடுதல் செய்கிறது. சைனீஸ் அல்ஜி ஈட்டர் என்ற மீனும் வேண்டாம். குஞ்சில் பாசி தின்னும், வளர்ந்தால் மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டி வழுவழுப்பை உறிஞ்சும்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தண்ணீர்ச் சூட்டைக் கூட்டலாமா?

இவற்றுக்குக் கூடாது. செம்பு கலந்த மருந்தும் ஆகாது. புது மீனை நான்கு கிழமை தனித்தொட்டியில் வைத்துப் பார்த்து விடுவதே வழி.

உப்புவெளித் தம்பி மறுபடி: குட்டி போடுமா அண்ணா?

முட்டையிடும் தம்பி. நான்கைந்து சேர்த்து வளர்த்து, வயிறு நிறைந்து, சூடும் அடங்கியிருந்தால் செவெல்லியா வீட்டுத் தொட்டியிலேயே பெருகும். ஓட்டம் படும் இடத்தில் சரளைக்குள் சோடியாகப் புதைந்து முட்டையிடும். அதனால் சரளை முழுவதையும் ஒரே நாளில் உறிஞ்சிச் சுத்தம் செய்யாதீர்கள். என் தொட்டியில் முதல் குஞ்சைக் கண்டது ஒரு தை மாதத்து விடியற்காலை. பின்கண்ணாடியில் கறுப்பு எள்ளுப் போல ஒன்று ஒட்டியிருந்தது, அழுக்கென்று விரலை வைக்கப் போனேன், சறுக்கி அரை அங்குலம் தள்ளிப் போய் மறுபடி ஒட்டியது. அன்றிலிருந்து பின்கண்ணாடியை நான் துடைப்பதில்லை.