பீரோவுக்குப் பின்னால் மட்டும் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிப்பது ஏன்? பெயிண்ட் அடித்தும் திரும்ப வருகிறதே?

பெயிண்ட் கறையைத்தான் மறைக்கும், ஈரம் அப்படியே இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். சுவரைத் துடைத்து, ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, 2 நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: மொட்டை மாடி விரிசல், குளியலறைக் குழாய், வெளிச்சுவர் வெடிப்பு. அதை அடைக்காமல் உள்ளே எந்தப் பூச்சு அடித்தாலும் காசுக்குக் கேடு. தரையோரம் உப்புப் பூத்திருந்தால் கொத்தனாரிடம் காட்டுங்கள்.

தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் அறைக் காற்றுதான் காரணம். பீரோவுக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லை, சுவரும் சில்லென்றிருக்கும். நாலைந்து அங்குலம் தள்ளிப் போடுங்கள். அறைக்குள் துணி காயப்போடாதீர்கள் (ஐப்பசி, கார்த்திகையில் சொல்வது சுலபம்தான்!). குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடட்டும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளர்வது கஷ்டம்.

இப்போதிருக்கும் பூஞ்சையை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் பறக்கும். முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பிளீச்சோடு ஆசிட் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.