அப்பாவிடம் சம்பளச் சீட்டைக் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு வயது 31. சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமம். பெங்களூரில் தங்கி, தனியார் விமான நிறுவனம் ஒன்றில் ஏ320 ரக விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாக இருக்கிறேன். 2,600 மணி நேரம் பறந்திருக்கிறேன். எஞ்சின் கிடைக்காமல் எங்கள் விமானங்களில் பல தரையில் நிற்கின்றன. மாதம் 70 மணி நேரம் பறந்தவன் இப்போது 35 மணியைத் தாண்டுவதில்லை. கைக்கு வந்த 2 லட்சத்து 60 ஆயிரம் 1 லட்சத்து 55 ஆயிரமாகிவிட்டது. இந்த வருடம் கேப்டன் ஆக்குவதாகச் சொன்னார்கள். இப்போது அந்தப் பேச்சே இல்லை. படிப்புக் கடன் தவணை 85 ஆயிரம், வீட்டு வாடகை 35 ஆயிரம். அப்பா நிலத்தை அடமானம் வைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அவருக்கு அனுப்பும் 30 ஆயிரத்தை நிறுத்த மனம் வராமல் கிரெடிட் கார்டில் எடுத்து அனுப்புகிறேன். அவருக்கு எதுவும் தெரியாது. ஊரில் எல்லோரும் 'பைலட் வீடு' என்கிறார்கள். கோவையில் பம்ப்செட் உதிரிபாகத் தொழில் செய்யும் மச்சான், 'விட்டுட்டு வா, பார்ட்னரா சேர்த்துக்கிறேன்' என்கிறார். இரவில் தூக்கம் இல்லை. நண்பன் கொடுத்த மாத்திரையைச் சில நாள் போட்டுக்கொள்கிறேன். வேலையை விட்டுவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புத் தம்பி, வேலையை விடுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் அதற்கு முந்தைய வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். இது பற்றி நான் எதுவும் புதிதாகச் சொல்லிவிடப் போவதில்லை. விமானம் ஏறுமுன் ஒவ்வொரு விமானியும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய 'ஐ ஆம் சேஃப்' பட்டியல் உங்களுக்கு மனப்பாடம். நோய், மருந்து, மன அழுத்தம், மது, களைப்பு என்று வரிசையாக வரும். அதில் மூன்று இடத்தில் நீங்கள் இப்போது தடுக்கி விழுகிறீர்கள். தூக்க மாத்திரையின் மயக்கம் காலையில் எழுந்த பிறகும் உடம்பில் மிச்சமிருக்கும். விமானிகளுக்கு மருத்துவச் சான்று தரும் மருத்துவரைப் பார்த்து, தூக்கம் வராததைச் சொல்லுங்கள். அந்தச் சான்று போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. சொல்லிவிட்டுச் சில வாரம் தரையில் இருந்தவர்கள் திரும்பிப் பறந்திருக்கிறார்கள். சொல்லாமல் மறைத்தது பின்னால் தெரிய வந்தால் லைசென்சுக்கே ஆபத்து. உங்கள் பின்னால் 180 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. உங்கள் நிறுவனத்தில் விமானிகளே சக விமானிகளுக்குக் காது கொடுக்கும் பியர் சப்போர்ட் குழு இருந்தால் அங்கே போய் ஒருமுறை பேசுங்கள்.

இனி பணம். உங்கள் கடிதத்தை, ஊர் பெயரை மறைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். சம்பளம் வராமல் மாதக்கணக்கில் பறந்த அனுபவம் அவருக்கு உண்டு. அவர் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்கள் சம்பளத்தை யாரும் வெட்டவில்லை, ஆனால் குறைந்துவிட்டது. இந்தத் தொழிலில் இதுதான் குழப்பம். நிலையான தொகை ஒரு பங்கு, பறக்கும் மணிக்கணக்கு ஒரு பங்கு. விமானம் தரையில் நின்றால் இரண்டாவது பங்கு தானாகக் கரைந்துவிடும். 2024இல் விஸ்தாரா விமானிகள் கொதித்தது இதற்காகத்தான். ஏர் இந்தியாவுடன் இணையும்போது, மாதம் 70 மணி நேரத்துக்கு இருந்த உறுதிச் சம்பளத்தை 40 மணி நேரத்துக்குக் குறைத்தார்கள். அந்த மார்ச், ஏப்ரலில் விமானிகள் இல்லாமல் எத்தனையோ விமானங்கள் ரத்தாயின. ஆகவே நல்ல காலத்திலும் நிலையான தொகையை மட்டுமே சம்பளமாக எண்ணிக் குடும்பம் நடத்துவதுதான் பத்திரம். மணிக்கணக்குப் பணம் வந்தால் கடனை அடைக்கலாம், வராவிட்டால் அழ வேண்டியதில்லை. இதை உங்களுக்குப் பயிற்சிப் பள்ளியிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது உங்கள் தவறு இல்லை.

திறமைக்கும் சம்பளத்துக்கும் முடிச்சுப் போட்டு மனதை வாட்டிக்கொள்ளாதீர்கள். 2009 ஜனவரி 15 அன்று இரண்டு எஞ்சினும் நின்றுபோன விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கி, அதிலிருந்த 155 பேரும் பிழைக்கச் செய்தார் கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கர். அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியத் திட்டமே போய்விட்டதையும் சொன்னார். உலகமே கொண்டாடிய மனிதருக்கே அந்த நிலை.

சம்பளம் குறைவது வேறு, தாமதமாவது வேறு. குறைந்தால் சமாளிக்கலாம். தாமதமாக ஆரம்பித்தால் கதவைப் பார்த்து உட்கார வேண்டும். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் நின்றபோது ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். கோ ஃபர்ஸ்ட்காரர்களும் எஞ்சின் வராததைத்தான் காரணம் சொன்னார்கள். நிறுவனம் திவால் சட்டத்துக்குள் போய்க் கலைக்கப்பட்டால், அடமானம் வைத்திருக்கும் வங்கிகளுக்குப் பின்னால்தான் பெரும்பாலான ஊழியர்களின் பாக்கி வரிசையில் நிற்கும். அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். மாதம் ஒருமுறை பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து, உங்களிடம் பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் உங்களிடம் பிடித்த வரி ஏறியிருக்கிறதா பாருங்கள். அங்கே ஓட்டை தெரிந்தால், நிர்வாகம் என்ன சமாதானம் சொன்னாலும் வேறு இடம் தேடத் தொடங்கிவிட வேண்டும். இப்போது உங்களுக்குச் சேர வேண்டிய சம்பளம் முழுதும் தேதி தவறாமல் வருகிறதென்றால் அவசரம் வேண்டாம்.

மச்சானின் அழைப்பில் அன்பு இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். துணை விமானிக்கு 6 மாத நோட்டீஸ் என்பது 2017இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் போட்ட விதி. கேப்டனுக்கு ஒரு வருடம். டைப் ரேட்டிங்குக்கு, அதாவது குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதிக்கு, பாண்டு எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தொகையும் நிற்கும். 90 நாளில் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் இல்லையென்றால் பயணிகளோடு பறக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் தேற வேண்டும். இரண்டு வருடம் பம்ப்செட் கடையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப நினைத்தால், அதற்கான செலவு உங்கள் கையிலிருந்துதான். உங்கள் அப்பா மொழியில் சொல்வதானால், வெங்காய விலை இறங்கியதற்காக நிலத்தை விற்பதைப் போன்றது அது. லைசென்ஸ்தான் உங்கள் நிலம்.

அந்த ஓய்வுபெற்ற கேப்டன் உங்கள் கடிதத்தைக் கேட்டு முடித்ததும் முதலில் கேட்ட கேள்வி: 'அந்தப் பையன் ஏடிபிஎல் முடிச்சிட்டானா?' கேப்டன் ஆவதற்கான லைசென்ஸ் அது. அதைப் பற்றி நீங்கள் கடிதத்தில் எதுவும் சொல்லவில்லை. அதற்கு 1,500 மணி நேரம் தேவை. உங்களிடம் 2,600 இருக்கிறது. பரீட்சை பாக்கியிருந்தால் இந்த வெறும் நாள்களைவிட அதற்கு நல்ல காலம் கிடைக்காது. கேப்டன் நாற்காலிக்கும், வளைகுடா நிறுவனங்களின் கதவுக்கும் அதுவே சாவி. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்ததாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கு. அவை முழுதும் வந்து சேர 2030களின் நடுப்பகுதி ஆகிவிடும். வரும்போது ஓட்ட ஆள் வேண்டும். கமர்ஷியல் லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நேவிகேஷன், மெட் (வானிலை) வகுப்பு எடுப்பதும் நல்ல வருமானம்தான். ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓய்வு நேரத்தைத் தின்னும் வகுப்பு மட்டும் வேண்டாம்.

கடனில் முதலில் கிரெடிட் கார்டு. மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும் அதை வைத்து அப்பாவுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்துங்கள். படிப்புக் கடன் வங்கிக்கு, ஒரு தவணையும் தவறுவதற்கு முன்பாகவே, சம்பளச் சீட்டோடு போய் மேலாளரைப் பாருங்கள். காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்துக் கேளுங்கள். மொத்த வட்டி கூடும், பரவாயில்லை. தவறிய பிறகு போனால் அதே மேலாளர் வேறு குரலில் பேசுவார்.

இப்போது அப்பா. இதை எழுதத்தான் எனக்கு அதிக ஆசை. பெரம்பலூர் பக்கம் என்றால் சின்ன வெங்காயம் போட்டவராகத்தான் இருப்பார் என்று ஊகிக்கிறேன். ஒரு வருடம் வியாபாரி வீடு தேடி வந்து கேட்கும் விலை, மறு வருடம் அறுவடைக் கூலிக்குக்கூடக் காணாது. நல்ல விலை வரும்வரை பட்டறை போட்டு வைத்துக் காத்திருந்து, அதிலும் பாதி அழுகிப்போய்ப் பார்த்தவர். விலை இறங்கியதை அவருக்கு நீங்கள் விளக்கவே தேவையில்லை. தன் மகன் ஒளித்து ஒளித்துக் கடன் வாங்கித் தனக்கு அனுப்பினான் என்பதைத்தான் அவரால் தாங்க முடியாது. 'பைலட் வீடு' என்ற பெயர் ஊர் வைத்தது. அதை அப்பாவும் சுமக்கவில்லை, நீங்களும் சுமக்க வேண்டாம். அந்த 30 ஆயிரம் இல்லாமல் அவர் எப்படிச் சமாளிப்பார் என்பதை அவரே சொல்வார். நிலத்துக் கடன் எவ்வளவு மிச்சம் என்பதும் அவரிடமிருந்து உங்களுக்கு அப்போதுதான் தெரியும். திருமணம் ஆகியிருந்தால் மனைவியையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அது பற்றி ஒரு வரிகூட எழுதாததை நான் கவனித்தேன்.

போனில் சொல்ல வேண்டாம். ரோஸ்டரில் அடுத்து வரும் இரண்டு நாள் ஓய்வில் ஊருக்குப் போங்கள். ஆறு மாதச் சம்பளச் சீட்டையும் கடன் புத்தகத்தையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். சாப்பிட்டு முடித்ததும் திண்ணையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, முதல் சீட்டை எடுத்து அவர் கையில் கொடுங்கள்.