ஃபேன்டசி கதைலயும் படத்துலயும் லாபிரிந்த் வந்தா ரசிகர்கள் ஏன் இவ்ளோ குஷியாகறாங்க?

லாபிரிந்த்ங்கற சிக்கலான சுத்துவழிக்குள்ள போறாங்க, சுத்தறாங்க, வெளிய வர்றாங்க, இதுல அப்படி என்ன இருக்குன்னு கேட்டிருக்கீங்க. நான் இந்த மாதிரி கதைகளைத் தேடித்தேடிப் படிக்கிற ஆளு, லாபிரிந்த் வருதுன்னு தெரிஞ்சா பேப்பரும் பென்சிலும் பக்கத்துல வச்சுக்கிட்டு வழி வரைஞ்சுக்கிட்டேதான் படிப்பேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். சில கதைகளோட முடிவும் வரும், படிக்காதவங்க பார்த்துக்கோங்க.

எனக்கு வெளிய வர்றதுல பெரிய சுவாரசியம் கிடையாது. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கற ஒரு எடத்தை யாரோ ஒருத்தர் அணு அணுவா தெரிஞ்சு வச்சிருக்காங்க பாருங்க, அதுலதான் மொத்த கிக்கும் இருக்கு.

உர்சுலா லெ குவின் எழுதின 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்', 1971ல வந்தது. டெனார்னு ஒரு பொண்ணு, சின்ன வயசுலயே கொண்டுவந்து பூசாரிணியா ஆக்கிடறாங்க. கல்லறைகளுக்கு அடில இருக்கற குகையில விளக்கே கொண்டுபோகக் கூடாது, அதனால சுவரைக் கையால தடவி, எத்தனை திருப்பம் எத்தனை வாசல்னு எண்ணி மனப்பாடம் பண்ணியே அந்த எடத்தைக் கத்துக்கறா. நான் அதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் கண்ணை மூடிக்கிட்டு வீடு முழுக்க சுவரைத் தொட்டுக்கிட்டே நடந்து பார்த்தேன், பத்து வருஷமா இருந்த வீட்டுல கதவு எத்தனையாவது அடில வருதுன்னு அன்னிக்குதான் எனக்குத் தெரிஞ்சது. அப்புறம் கெட்னு ஒரு மந்திரவாதி திருட வர்றான், அவன் கோல் நுனில வெளிச்சம். அந்த வெளிச்சத்துலதான் அவ முதல் தடவையா தன்னோட குகையையே பார்க்கறா, சுவரெல்லாம் படிகமா மின்னுது! இத்தனை வருஷம் தடவிப் பார்த்தது இதையான்னு நமக்கே மூச்சு நின்னுடும். ஆனா வெளிச்சம் வச்சிருக்கறவன் வழி தெரியாம மாட்டிக்கறான், இருட்டு மட்டுமே தெரிஞ்ச பொண்ணுகிட்ட அவன் உசுரு இருக்கு. லாபிரிந்த் கதைன்னா எனக்கு இதுதான் உச்சம்.

இதே விஷயம் ஸ்டான்லி குப்ரிக்கோட 'தி ஷைனிங்' படத்துலயும் இருக்கு (1980, இது ஹாரர்தான், ஆனா லாபிரிந்த் ரசிகர்கள் யாரும் விடமாட்டாங்க). ஸ்டீபன் கிங் நாவல்ல அந்தச் செடிவேலிப் புதிர்வழியே கிடையாது, மிருக உருவத்துல வெட்டின செடிங்கதான் இருக்கும், அந்தப் புதிர்வழி (மேஸ்) படத்துக்காக வந்தது. கடைசில பனில அப்பா கோடாலியோட துரத்தறப்ப அந்தப் பையன் எப்படித் தப்பிக்கறான்னா தன்னோட காலடித் தடத்துலயே பின்னாடி நடந்து வந்து ஓரமா ஒளிஞ்சுக்கறான். அவன் அம்மாவோட ஏற்கனவே உள்ள நடந்து பார்த்தவன். அப்பா அதோட மாடலை மேல இருந்து குனிஞ்சு பார்த்ததைத்தான் நமக்குக் காட்டறாங்க. நான் மூணாவது தடவை பார்க்கறப்பதான் இது உறைச்சது.

ஜிம் ஹென்சனோட 'லாபிரிந்த்' (1986) வேற ரகம். அங்க எடமே பொய் சொல்லும். நடுவுல இருக்கற கோட்டைக்கு வழி தேடற சாராங்கற பொண்ணு லிப்ஸ்டிக்கால தரையில அம்புக்குறி போட்டுக்கிட்டே போவா, அவ திரும்பினதும் கீழ இருந்து குட்டி ஆளுங்க அந்தக் கல்லையே திருப்பி வச்சிடுவாங்க. முதல்ல ஒரு நேர் சந்து முடிவே இல்லாம போகும், ஒரு புழு வந்து எதிர்லயே வழி இருக்கேம்மாங்கற மாதிரி சொல்லும், பார்த்தா ஆமா, சுவர் மாதிரி தெரிஞ்சதுல ஒரு தெறப்பு. அவ இடது பக்கம் திரும்பறப்ப அந்தப் பக்கம் போகாதேன்னு தடுத்து அனுப்பிட்டு, அவ போனப்புறம் புழு சொல்லும், அப்படியே போயிருந்தா நேரா கோட்டைக்கே போயிருப்பான்னு. அந்தப் படம் ரிலீஸ் ஆனப்ப அமெரிக்க தியேட்டர்கள்ல போட்ட காசுகூட வரல, அப்புறம் வீடியோ டேப்ல பார்த்த பசங்கதான் அதைத் தூக்கி நிறுத்தினாங்க. திருப்பித் திருப்பிப் பார்த்தாத்தான் அந்த எடம் பழகும், டேப் அதுக்குத் தோதா அமைஞ்சதுன்னு நான் நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், ரசிகர்கள் நடுவுல ஓயாம ஓடற வாக்குவாதம் இது. கிரீட் தீவுல நாசஸ்ங்கற ஊர்ல அச்சடிச்ச பழைய காசுகள்ல இருக்கற லாபிரிந்த் படத்தை விரல் வச்சு ஓட்டிப் பாருங்க, முட்டுச்சந்தே வராது, ஒரே பாதை சுத்திச்சுத்தி நடுவுக்குப் போயிடும். அப்போ கிரேக்கக் கதைல, லாபிரிந்துக்குள்ள இருக்கற மினோட்டார்ங்கற காளைத்தலை மனுஷனைக் கொல்லப் போற தீசியஸ்கிட்ட, இளவரசி அரியாட்னி எதுக்கு வழி தவறாம திரும்பி வர நூல் குடுத்து அனுப்பணும்? கதைக்கு முட்டுச்சந்து வேணும், அதான். வழி ஒண்ணே ஒண்ணுன்னா தெரிஞ்சு வச்சிருக்க என்ன இருக்கு. (நம்ம மொழில நூல்னா புத்தகமும்தான், அது எனக்கு ரொம்பப் புடிச்ச ஒற்றுமை.) நம்ம அபிமன்யுவையே எடுத்துக்கோங்க, உள்ள போகத் தெரியும், வெளிய வரத் தெரியாது, பாதி தெரிஞ்சதுதான் அவன் சாவு.

அதனாலதான் 'ஹாரி பாட்டர்' நாலாவது படத்து மேஸ் எனக்கு ஆறவே ஆறாது. புத்தகத்துல மேஸுக்குள்ள ஸ்பிங்க்ஸ் (மனுஷத் தலை, சிங்க உடம்பு) நின்னு விடுகதை போடும், ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு புது ஜந்து. 2005 படத்துல அதெல்லாம் தூக்கிட்டு செடி வந்து மூடிக்கறதோட விட்டுட்டாங்க. பார்க்க பிரமாண்டமா இருந்துச்சு, ஆனா அதுல தெரிஞ்சுக்க ஒண்ணும் இல்ல, ஓட மட்டும்தான் முடியும். கில்லர்மோ டெல் டோரோவோட 'பான்ஸ் லாபிரிந்த்' (2006) இதுக்கு நேர் எதிர், 1944 ஸ்பெயின், துரத்திக்கிட்டு வர்ற கேப்டன்கிட்ட இருந்து அந்தப் பொண்ணு ஓடறப்ப முட்டுச்சுவர் அவளுக்காகத் தொறந்து வழி விடும். அந்த எடத்துக்கும் அவளைத் தெரிஞ்சிருக்கு!

எதுல ஆரம்பிக்கலாம்னா, சுசன்னா கிளார்க்கோட 'பிரனேசி' (2020) எடுங்க. முடிவில்லாத மண்டபங்கள், சிலைகள், கீழ்த் தளத்துல கடல். உள்ள இருக்கறவன் அலை எப்ப எந்த மண்டபத்துக்கு ஏறும்னு கணக்கு எழுதி வச்சிருக்கான், அந்த எடத்தை வீடுன்னுதான் சொல்றான். நேரம் இல்லன்னா போர்ஹெஸ் 1947ல எழுதின ஆஸ்டீரியன் கதை, சில பக்கம்தான், மினோட்டாரே பேசற மாதிரி. அதுவும் வீடுன்னுதான் சொல்லும். கடைசில தீசியஸ் வந்து அரியாட்னிகிட்ட சொல்வான், அது தன்னைக் காப்பாத்திக்கப் பெருசா முயற்சியே பண்ணலன்னு. அதைப் படிச்சுட்டு மறுபடி முதல் வரில இருந்து படிங்க, ரெண்டாவது தடவை அது வேற கதை.