சேர்ந்து உட்கார்ந்து பேசிப் பிரிவது: மலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

ஊட்டியில் குடும்ப வழக்குகள் பார்க்கும் வக்கீல் நான். மத்தியஸ்தர் பயிற்சியும் எடுத்திருக்கிறேன். வழக்காடாமல், ஒரு குழுவை வைத்துப் பேசி விவாகரத்து வாங்குவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

கோத்தகிரியிலிருந்து ஓர் அண்ணன்: மேடம், என் தங்கை அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் பிரிவதென்று முடிவாகிவிட்டது. 'கொலாபரேட்டிவ் டைவர்ஸ்' என்று சொல்லி ஆளுக்கொரு வக்கீல், ஒரு கோச், கணக்குப் பார்க்க ஒருவர், குழந்தைக்கென்று ஒருவர் என ஐந்து பேரைக் காட்டுகிறார்கள். இது பணம் பிடுங்கும் வேலையா?

இல்லை அண்ணா. அந்த முறை பிறந்ததே அவள் இருக்கும் மாநிலத்தில்தான். மினியாபொலிஸ் நகர வக்கீல் ஸ்டூ வெப், கோர்ட்டில் சண்டை போட்டுச் சலித்துப்போய், 1990இல் 'இனிமேல் சமரசத்துக்கு மட்டும்தான் வருவேன்' என்று அறிவித்தார். அதன் முதுகெலும்பு ஒரே ஒரு நிபந்தனை. பேச்சு முறிந்து யாராவது கோர்ட்டுக்குப் போனால் இரண்டு வக்கீல்களுமே விலக வேண்டும். அடுத்த வக்கீலை முதலிலிருந்து பிடிக்க வேண்டும். ஆகவே சண்டை கோர்ட்டுக்குப் போனால் அந்த வக்கீல்களுக்கு வருமானம் கிடையாது. 2009இல் இதற்கென ஒரு மாதிரிச் சட்டம் தயாரானது; பல மாநிலங்கள் அதை ஏற்றுக்கொண்டன.

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் மீட்டரை ஓட்ட மாட்டார்கள். கணக்குப் பார்ப்பவர் இருவருக்கும் பொது. அவர் யார் பக்கமும் இல்லை. கோச் என்பவர் மனநலப் பயிற்சி பெற்றவர். கூட்டத்தில் தங்கை வெடித்து அழாமல், சொல்ல வந்ததைச் சொல்ல உதவுவார். இங்கேதான் செலவு ஏறும் இடமும் இருக்கிறது. மாமியார் சொன்னதையெல்லாம் வக்கீலிடம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த ஒரு மணிக்கும் வக்கீல் ஃபீஸ். அதே பேச்சு கோச்சிடம் பெரும்பாலும் மலிவு, பலனும் அதிகம். 'யார் யார் எந்த வேலைக்கு, எத்தனை மணி நேரம்' என்று முதலிலேயே எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

அவரே: அங்கே வாங்கும் விவாகரத்து நம் ஊரில் செல்லுமா?

அவர்கள் கல்யாணம் இந்து முறைப்படி இங்கே நடந்திருந்தால் இந்தக் கேள்வி அவசியம். 1991இல் ஒய். நரசிம்ம ராவ் (முன்னாள் பிரதமர் அல்ல) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: இருவரும் மனதார அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு உட்பட்டு, எதிர்த்தரப்பும் பிரிவுக்குச் சம்மதித்திருந்தால் வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே நிற்கும். ஒருதலைப்பட்சமாக வாங்கியதில்தான் சிக்கல். சேர்ந்து பேசி வாங்கியதில் சம்மதம் எழுத்திலேயே இருக்கும். தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகல் ஒன்று தங்கையிடம் கட்டாயம் இருக்கட்டும்.

குன்னூரிலிருந்து ஒரு பெண்: அக்கா, இதை நாம் இங்கே செய்ய முடியுமா? எங்கள் இருவருக்கும் பெரிய சண்டை இல்லை.

இந்தியாவில் இந்த முறைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனால் செய்யக் கூடாதென்றும் யாரும் சொல்லவில்லை. பேச்சைக் குழுவோடு முடித்துக்கொண்டு, கடைசியில் இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு போட வேண்டும். ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்ததுதான். மனு போட்ட பின் ஆறு மாதம் காத்திருப்பு. அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு அது பார்ப்பது, ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் உண்மையாகவே பேசி முடிந்ததா, பிரிந்து போதிய காலம் ஆகிவிட்டதா என்பதை. அதாவது குழுவோடு ஒழுங்காகப் பேசி முடித்த ஒப்பந்தம் இருந்தால் காலமும் மிச்சமாகலாம்.

நம் ஊர்க் குழு சின்னதாகத்தான் இருக்கும்: இரண்டு வக்கீல், ஒரு ஆடிட்டர், ஒரு கவுன்சலர். 'கோர்ட்டுக்குப் போனால் நாங்கள் விலகுவோம்' என்று வக்கீல்களிடம் எழுதி வாங்குங்கள். தயங்கினால் அவர் இதற்கு ஆள் இல்லை. ஆனால் அங்கே போல இங்கே அந்தப் பேச்சின் ரகசியத்தைக் காக்கச் சட்டம் இல்லை. மத்தியஸ்தத்தில் பேசியது ரகசியம் என்பதை உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் சிக்கலான கூட்டங்களை ஒரு மத்தியஸ்தர் முன்னால் வைத்துக்கொள்வதை நான் விரும்புவேன். நீதிமன்றத்தோடு இணைந்த மத்தியஸ்த மையம் நம் நாட்டில் முதலில் வந்ததே சென்னை உயர் நீதிமன்றத்தில்தான், 2005இல்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதாதா? காசு மிச்சம்தானே.

மனு போட ஒருவர் போதும், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பேரம் பேச ஒருவர் போதாது. ஜீவனாம்சம் ஐயாயிரம் கூடினால் உங்களுக்கு லாபம், அவருக்கு நஷ்டம். அந்த இடத்தில் ஒரே வக்கீல் யாருக்கு ஆலோசனை சொல்வார்? இங்கே வக்கீல் வட்டம் சின்னது, எல்லாரும் டீக்கடையில் சந்தித்துக்கொள்வோம் என்பதும் உண்மை. அதற்குத் தயங்க வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீலோடு நன்றாகப் பேசும் வக்கீல்தான் இந்த வேலைக்கு வேண்டும்.

கூடலூர் பக்கம், சிறு தேயிலை விவசாயி: சார் என்பதா மேடம் என்பதா தெரியவில்லை, மன்னிக்கவும். மூன்று ஏக்கர் தேயிலை, அப்பா காலத்திலிருந்து எங்கள் அனுபவத்தில் இருக்கிறது. பிரிவு 17 நிலம், பட்டா இல்லை. மனைவி வீட்டார் பாதி கேட்கிறார்கள். இலைக் காசை நான் மறைக்கிறேன் என்கிறார்கள்.

மேடம்தான், பரவாயில்லை. முதலில் பாதி விஷயம். கணவன் சொத்தில் மனைவிக்குப் பாதி என்ற சட்டம் இங்கே இல்லை. வெளிநாட்டுக் கதைகளைக் கேட்டு அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். சொத்து யார் பெயரிலோ அவருடையது. ஆனால் ஜீவனாம்சம் முடிவு செய்யும்போது உங்கள் வருமானமும் வசதியும் கணக்கில் வரும், அதிலிருந்து தப்ப முடியாது.

அடுத்தது நிலம். 1969ஆம் ஆண்டு ஜன்மம் (ஜமீன் போன்ற பழைய நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கியிருக்கும் நிலத்தை நீங்கள் பத்திரம் போட்டு விற்கவோ எழுதிக் கொடுக்கவோ முடியாது. ஒப்பந்தத்தில் 'ஒரு ஏக்கர் தருகிறேன்' என்று எழுதினால் அது காகிதம் மட்டும்தான். நாளைக்கு அவருக்கும் நிம்மதி இருக்காது, உங்களுக்கும் இருக்காது. நிலத்தை விட்டுவிட்டு, அது தரும் வருமானத்தை வைத்துப் பேசுங்கள்.

இங்கேதான் பொதுவான ஆடிட்டர் வேண்டும். பச்சைத் தேயிலை விற்ற பணம் விவசாய வருமானம், அதற்கு வருமான வரி இல்லை. அதனால் உங்கள் ரிட்டர்னைப் பார்க்கும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எங்கோ ஓட்டை இருப்பதாகத்தான் தோன்றும். நீங்கள் மறைக்கவில்லை, அந்தப் படிவத்தில் அது முழுசாகத் தெரியாது, அவ்வளவுதான். ஃபேக்டரி கொடுத்த இலைச் சீட்டுகளையும் வங்கிப் புத்தகத்தையும் ஆடிட்டரிடம் கொடுங்கள். ஒரே ஒரு வருடக் கணக்கு வேண்டாம். கவாத்து போட்ட, அதாவது செடியை வெட்டிவிட்ட வருடம் இலை வரத்து குறையும், அடுத்த வருடங்களில் ஏறும். கவாத்து முடிந்த வருடக் கணக்கை நீங்கள் காட்டினால் அது அவருக்கு அநியாயம். நல்ல வருடத்தை அவர்கள் பிடித்துக்கொண்டால் உங்களுக்கு அநியாயம். ஒரு கவாத்திலிருந்து அடுத்த கவாத்து வரைக்கும், அதாவது நாலைந்து வருடச் சராசரியை எடுக்கச் சொல்லுங்கள். எடுப்புக் கூலி, உரம், மருந்து கழிக்க வேண்டும். ஆடிட்டர் இருவருக்கும் பொது என்பதால் அந்த எண்ணை இரண்டு வக்கீலும் சந்தேகப்பட மாட்டார்கள். இப்படி ஒரு எண் கிடைத்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே நின்றுவிடும்.

மாதா மாதம் கட்டுவது கஷ்டம் என்றால், இலை நிறைய வரும் மாதங்களில் கூடவும் பனி மாதங்களில் குறையவும் தவணை வைக்கலாம். கோர்ட் இப்படியெல்லாம் யோசித்துத் தீர்ப்பு எழுதாது. பேசித் தீர்ப்பதில்தான் இது முடியும்.

எஸ்டேட் தொழிலாளி, பெண், குன்னூர் வட்டம்: அக்கா, நானும் அவரும் ஒரே எஸ்டேட்டில் வேலை. லைன் வீடு அவர் பேரில் இருக்கிறது. பிரிந்தால் நானும் பிள்ளையும் எங்கே போவது? ஆடிட்டர் வைக்க வசதி இல்லை.

உங்களுக்கு ஆடிட்டர் தேவையே இல்லைம்மா. சம்பளச் சீட்டும் பி.எஃப். கணக்கும் போதும். லைன் வீடு கம்பெனியுடையது. அதை நீங்கள் இருவரும் உங்களுக்குள் பங்கு போட முடியாது. தொழிலாளிக்கு வீடு கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்பது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே வரும் விஷயம். நீங்களும் நிரந்தரத் தொழிலாளி என்றால் உங்கள் பெயரில் தனி வீடு கேட்டு இப்போதே மனு கொடுங்கள். உங்கள் குழுவில் மூன்றாவது ஆள் யூனியன்காரர்தான். வீடு எழுத்தில் கிடைக்கும்வரை விவாகரத்து மனுவில் கையெழுத்து போடாதீர்கள். பி.எஃப். நாமினி யார் என்பதையும் பார்த்து மாற்றுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள்.

வக்கீல் செலவுக்கு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்பதே போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஊட்டி, தாய்: பையனுக்குப் பத்து வயது. கவுன்சலர் அவனோடு தனியாகப் பேச வேண்டும் என்கிறார். 'அம்மாவா அப்பாவா' என்று கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

நல்ல கவுன்சலர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். கேட்டால் ஆளை மாற்றுங்கள். அவர் தெரிந்துகொள்ள வருவது வேறு: பள்ளி முடிந்து யார் வீட்டில் இருந்தால் ஹோம்வொர்க் நடக்கிறது, சனிக்கிழமை கிரிக்கெட்டை விட முடியுமா, அப்பா வரும் நாளில் அவன் ஏன் வயிற்றுவலி என்கிறான். அதைப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்துச் சொல்வார். பையன் சொன்ன வார்த்தையை வக்கீல்கள் ஆயுதமாக்கக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே பேசிவிட வேண்டும்.

அவன் அப்பா கோயம்புத்தூரில் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் 'மாதம் இரண்டு வார இறுதி' என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் ரோட்டில் மண் சரிந்தால் யார் எங்கே வந்து நிற்பது? மேட்டுப்பாளையத்தில் ஒப்படைப்பது, ரோடு மூடினால் அடுத்த வாரம் ஈடு செய்வது என்று எழுதுங்கள். மே மாத சீசனில் மலைக்கு வர அவர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். 'பாஸ் கிடைக்கவில்லை' என்று கடைசி நேரத்தில் நின்றுபோய்ப் பையன் வாசலில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கொடைக்கானல், ஹோம்ஸ்டே நடத்துபவர்: வீடு இருவர் பெயரில், கடனும் இருவர் பெயரில். வீட்டை மனைவிக்கே விட்டுவிட்டு, கடனையும் அவரே கட்டுவதாகப் பேசியிருக்கிறோம். போதுமா?

போதாது. உங்கள் ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் மூன்று தவணை தவறினால் வங்கி உங்களைத்தான் தேடும், உங்கள் சிபில் மதிப்பெண்ணும் போகும். கடனை அவர் தனிப்பெயருக்கு மாற்ற வங்கி சம்மதித்த கடிதம் வந்த பிறகே கையெழுத்து.

உங்கள் பங்கை எழுதிக் கொடுக்கும் நேரமும் முக்கியம். நீங்கள் கணவன் மனைவியாக இருக்கும்போது குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை குறைவு, உச்சவரம்பும் உண்டு. தீர்ப்பு வந்த பின் நீங்கள் வெளியாள், செலவு பல மடங்கு. முதல் மனுவுக்கும் இறுதி விசாரணைக்கும் நடுவில் எழுதுவது வழக்கம். அதில் ஒரு ஆபத்தும் உண்டு, கீழே 'பலர் கேட்டது' என்ற கேள்வியைப் பாருங்கள்.

ஒரு ஹட்டியிலிருந்து (படகர் ஊர்): ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்து, நகையைத் திருப்பிக் கொடுத்து, பேப்பரில் எழுதிவிட்டார்கள். இதற்கு மேல் கோர்ட் எதற்கு?

வழக்கப்படியான விவாகரத்தை இந்து திருமணச் சட்டம் 29ஆம் பிரிவு ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்பதை நாளைக்கு நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பாஸ்போர்ட், பென்ஷன், மறுமணம் என்று வரும்போது அந்தப் பேப்பர் கை கொடுக்காமல் போகலாம். முதல் திருமணம் சட்டப்படி முடியாமல் இரண்டாவது செய்தால் அது குற்றம். பெரியவர்கள் செய்த வேலையை வீணாக்காதீர்கள். அவர்கள் எழுதிய நகைப் பட்டியலையே இணைப்பாக வைத்து 13பி மனு போடுங்கள். தோடர், கோத்தர் போன்ற பட்டியல் பழங்குடியினருக்கு இந்தச் சட்டமே நேரடியாகப் பொருந்தாது, அவர்கள் தனியாகக் கேளுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: அவர் குடித்துவிட்டு அடிப்பார். ஆனால் குழுவோடு பேசினால் திருந்துவார் என்று மாமனார் சொல்கிறார்.

வேண்டாம்மா. இந்த முறை இருவரும் பயமில்லாமல் 'முடியாது' என்று சொல்ல முடிகிற இடத்துக்கு மட்டும்தான். அமெரிக்க மாதிரிச் சட்டத்திலும், வன்முறை இருந்ததா என்று வக்கீல் முதலில் விசாரித்தாக வேண்டும். நீங்கள் 181க்கு அழையுங்கள். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம்.

பலர் கேட்டது: எல்லாம் பேசி, கையெழுத்தும் போட்ட பிறகு ஒருவர் மனம் மாறினால்?

மாறலாம். தீர்ப்பு வரும் நாள்வரை ஒருவர் தனியாகவே சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் எதையும் முழுசாக முன்கூட்டியே கொடுக்காதீர்கள். முதல் மனுவின்போது ஒரு பகுதி, இறுதி விசாரணை அன்று நீதிபதி முன்னால் டிமாண்ட் டிராஃப்டாக மீதி. நகைக்கும் அப்படியே. கொடைக்கானல்காரர் பத்திரத்தை இறுதி விசாரணைக்கு முந்தின வாரம் பதிவு செய்வது நல்லது, முதல் மாதத்திலேயே வேண்டாம். அப்படியும் முறிந்துவிட்டால் வக்கீல்கள் விலகுவார்கள். ஆடிட்டரின் கணக்கு மட்டும் உங்கள் கையில் இருக்கும். அதை அடுத்த வக்கீலிடம் காட்டலாமா கூடாதா என்பதையும் முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, குன்னூர்ப் பெண்ணே மீண்டும்: முதல் கூட்டத்துக்கு என்ன எடுத்து வர வேண்டும் அக்கா?

கல்யாணச் சான்று, இருவர் ஆதார், மூன்று வருட வங்கிக் கணக்கு, கடன் கடிதங்கள், எல்.ஐ.சி. பாலிசி, நகை ரசீது இல்லையென்றால் கல்யாண ஃபோட்டோ. அம்மாவைக் கூட்டி வரலாம், ஆனால் வெளியே உட்காரட்டும்.