முதுகு சொறியும் பென்சில்

கேள்வி: ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கை அவருடைய நண்பர் ஜான் லின்னல் பென்சிலில் வரைந்த படங்களைப் பார்த்தேன். ஓவியரை ஓவியர் வரைவது, ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்வதுதானே? ஊரே பைத்தியம் என்ற ஆளை இவர் ஞானியாக்கிவிட்டார்!

பதில்: ஊர் என்ன, ஒரு பத்திரிகை போதாதா? 1809-இல் பிளேக் லண்டனில் தன் அண்ணனின் காலுறைக் கடை மாடியில் ஓவியக் கண்காட்சி வைத்தார். 'எக்ஸாமினர்' இதழ், பாவம் பைத்தியம், ஆளால் தொந்தரவில்லை என்பதால்தான் அடைத்துவைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று எழுதியது. (எங்கள் தொழிலின் பெருமைகளில் ஒன்று.)

1818-இல் லின்னல் அறிமுகமானபோது பிளேக்குக்கு 60 வயது. லின்னலுக்கு அதில் பாதிகூட இல்லை. முகத்தை வரைந்து பிழைத்தவர். முகத்துக்கு மெருகேற்றத் தெரியாதவர் அல்ல. ஆனாலும் பிளேக்கின் சப்பை மூக்கு படத்தில் சப்பையாகவே இருக்கிறது.

நீங்கள் பார்த்தவற்றில் பிளேக்கும் ஜான் வார்லியும் சேர்ந்திருக்கும் படம் இருந்ததா? வார்லி நீர்வண்ண ஓவியர், லின்னலுக்கே குரு. ஜோசியப் பித்து வேறு. ராத்திரியில் பிளேக்கை உட்காரவைத்து, கண்முன் தோன்றும் பழைய ராஜாக்களையெல்லாம் வரையச் சொல்வார். பிளேக்கும் வரைவார். ஒருமுறை ஒரு தெள்ளுப்பூச்சியின் ஆவி வந்தது, அதையும் வரைந்தார். சரி, இந்த இருவரும் நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் லின்னல் வீட்டுக் கூடத்தில் பேசிக்கொண்டிருந்ததைத்தான் அவர் பென்சிலில் பிடித்தார். வார்லி கையை உயர்த்தி ஆவேசமாகப் பேசுகிறார். பிளேக் காது கொடுத்துக் கேட்கிறார், அவ்வளவுதான். பின்னாளில் லின்னல் எழுதினார்: வார்லி பக்கத்தில் இருக்கும்போது இருவரில் தெளிந்த புத்தி உள்ளவர் பிளேக் என்றே தோன்றும். பிளேக்கின் தரிசனங்களை பிளேக்கைவிட அதிகமாக நம்பியவர் வார்லிதான் என்பதும் லின்னல் சொன்னதே. இதில் ஞானி எங்கே இருக்கிறார்? பொறுமைசாலி ஒருவர் இருக்கிறார்.

அப்புறம், முதுகு சொறிதல். 1823-இல் லின்னல் பிளேக்கோடு ஒப்பந்தம் போட்டு, பைபிளில் வரும் யோபுவின் கதையைச் செப்புத் தகடுகளில் செதுக்கக் கொடுத்தார். கூலி 100 பவுண்டு. முகப்போடு சேர்த்து 22 தகடுகள். அது முடிவதற்குள் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்துக்குப் படம் போடும் வேலையையும் கொடுத்தார். 1827-இல் இறக்கும்வரை பிளேக் அதில்தான் இருந்தார்.

இப்படிச் சொறிகிற நண்பர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் விலாசம் அனுப்புங்கள். என் முதுகும் காத்திருக்கிறது.